வரைந்து போட்ட கையுறை

நகரசபை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘ப்ளாஷ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடிவந்தால் வாசல் காவலாளிகூட, “அப்படி யாரும் இங்க இல்லைங்களே” என்றுதான் சொல்வார். பதினேழு வருடமாக அவள் நகரசபையின் புகைப்படக்காரி. நாற்பத்து மூன்று வயது. ஒல்லி. கேமராப் பை தொங்கித் தொங்கி வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கடலோர நகரம் அது. துறைமுகம், மீன் ஏலக் கூடம், படகுத்துறை, நீளமான மணல்கரை, அதன் தெற்கு முனையில் ஊர்ச் சாக்கடை வந்து விழும் பெரிய குழாய். இத்தனையும் இருந்தும் அவள் எடுத்ததில் முக்கால்வாசி படங்களில் இருந்தது ஒரு நாடாவும் ஒரு கத்தரிக்கோலும் நகரசபைத் தலைவரும்தான். காலையில் பூங்கா திறப்பு, மதியம் கழிப்பறை திறப்பு, மாலையில் தெருவிளக்கு திறப்பு. பேருந்து நிலையத்துக் கழிப்பறையை மட்டும் மூன்று தடவை திறந்திருக்கிறார்கள். முதலில் கட்டி முடித்தபோது, பிறகு தண்ணீர் வந்தபோது, கடைசியில் தேர்தல் வந்தபோது. மூன்றுக்கும் அவள்தான் படம் எடுத்தாள்.

தலைவர் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நாடாவைப் பார்க்கமாட்டார். அவளைத்தான் பார்ப்பார்.

“வந்துச்சாம்மா?”

“கண்ண மூடிட்டீங்க சார்.”

“அப்போ இன்னொரு நாடா கட்டுங்கப்பா!”

வெட்டிய நாடாவை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டுவார்கள். முடிச்சு படத்தில் தெரியாமல் எடுப்பது அவள் கைவந்த வித்தை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இது அலுக்கவில்லை. அதற்கு முன் ஒரு ஸ்டூடியோவில் கடவுச்சீட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள். நாள் முழுக்க வெள்ளைத் துணிக்கு முன்னால் விறைத்த முகங்கள். வெளிக்காற்று கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. ஒரு திறப்பு விழாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஊரைச் சுற்றி எடுப்பாள். மீன் ஏலத்தில் விரலை மடக்கி விலை சொல்லும் பெண்கள். படகுத்துறையில் மழைக்கு ஒரே குடைக்குள் புகுந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கும் முன்பின் தெரியாத நால்வர். உப்புக் காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பியில் காயும் சட்டைகள். அவற்றைத் தகவல் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டுவாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நாம எங்க இருக்கோம்?”

‘நாம’ என்றால் தலைவர். சில வருடங்களில் அவள் அந்தப் படங்களை அவரிடம் காட்டுவதை விட்டாள். இன்னும் சில வருடங்களில் எடுப்பதையும் விட்டாள்.

அவளும் அவளுடைய அக்காவும் ஐஸ் கிடங்குக்கு எதிரே மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். அக்கா இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. காலை முதல் மாலை வரை ஐஸ் தண்ணீருக்குள் கை இருக்கும். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி ஊறப்போட்ட காகிதம் போல இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு வாசனை. அக்காவின் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவர். “கப்பல் திரும்பி வந்துச்சு, அவர்தான் வரல” என்று யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். தங்கை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அக்காவே பதில் சொல்வாள்: “எனக்கு ஆனதைப் பக்கத்துல இருந்து பார்த்தவ அவ.”

ப்ளாஷுக்கு இந்த வேலை முதன்முதலாகக் குமட்டியது ஒரு சக்கர நாற்காலி விழாவில். நடக்க முடியாத நாற்பது பேருக்கு நாற்காலி கொடுப்பதாக அறிவிப்பு. வந்திருந்தது பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தலைவர் பக்கத்தில் நின்று, படம் எடுத்ததும் இறக்கிவிட்டு, அடுத்தவரை ஏற்றினார்கள். ஒரு கிழவருக்கு அது புரியவில்லை. படம் எடுத்து முடிந்ததும் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். இரண்டு பேர் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தார்கள்.

“ஐயா, எறங்குங்க. இது படத்துக்கு மட்டும்தான்.”

“எனக்குக் கொடுத்தாங்களே?”

“லிஸ்ட்ல அடுத்த தடவை வரும் ஐயா.”

அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனதை அவள் பார்த்தாள். கேமரா கையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“மீன் நாத்தம் அடிக்குதா?” என்று அக்கா கேட்டாள்.

“உன் மேல இல்லக்கா. என் மேலதான்.”

“உன் மேல என்னடி நாத்தம்? சென்ட் அடிச்சுட்டுப் போறவ நீ.”

கோபமாக இருந்திருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். இது ஆறவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த ஐந்து வருடமும் போனாள். இதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றி நல்லவிதமாக மட்டும் சொன்னதாகிவிடும்.

பிறகு வந்தது கடற்கரைத் துப்புரவு நாள்.

ஒரு வாரம் முன்பே தகவல் அதிகாரி கூப்பிட்டு எந்தெந்தப் படம் வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார். தலைவர் குனிந்து பாட்டில் பொறுக்குவது, தலைவர் சாக்குப்பையைத் தூக்குவது, தலைவர் நெற்றி வியர்வையைத் துடைப்பது.

“தெற்கு முனையிலயா சார்? அங்கதான குப்பை கிடக்கு?”

அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “அங்க போய் நிக்க முடியுமா? குழாய் வாய் பக்கத்துல மூச்சு விட முடியல. கேமராவுக்கு நாத்தம் தெரியாது, தலைவருக்குத் தெரியுமே! நடுக்கரையில வச்சுக்கலாம்.”

“நடுக்கரையிலதான் குப்பையே இல்லையே சார். தினமும் பெருக்குறாங்களே.”

“அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு.”

ஏற்பாடு என்னவென்று அன்று காலை ஆறு மணிக்குத் தெரிந்தது. சீக்கிரம் வந்தால் மணலில் சாய்ந்து விழும் வெயில் கிடைக்கும் என்று முன்கூட்டியே போயிருந்தாள். துறைமுக மணிக்கூண்டு ஆறு பத்து காட்டியது. நகரசபை லாரி ஒன்று பின்பக்கமாக மணலில் இறங்கியது. துப்புரவுத் தொழிலாளர்கள் எட்டு பேர் அதைச் சுற்றி நின்றார்கள். ஏழு பெண்கள், ஒரு ஆண். பின்கதவைத் திறந்ததும் உள்ளே குப்பை. அதுவும் எப்படிப்பட்ட குப்பை! கழுவிக் காயவைத்த பாட்டில்கள். உறையிலிருந்து அப்போதுதான் பிரித்த காகிதக் கோப்பைகள், உதட்டுத் தடம்கூட இல்லாமல். கசங்காத அட்டைப் பெட்டிகள். ஒரு தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும் குட்டையான பெண், லாரி விளிம்பில் ஏறி நின்று, நீளமான பிடி வைத்த இரும்புச் சீப்பு ஒன்றால் அதையெல்லாம் கீழே இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள்.

தகவல் அதிகாரி மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தார். “ஒரே இடத்துல குமிக்காதீங்கம்மா! பரப்பிப் போடுங்க. இயற்கையா இருக்கணும், இயற்கையா!”

“இயற்கையான்னா எப்படி சார்?” என்று மேலிருந்து பெரியம்மா கேட்டாள். நிஜமாகவே கேட்டாளா, குத்திக் கேட்டாளா என்று முகத்தில் தெரியவில்லை.

“ஜனங்க போடற மாதிரி.”

“ஜனங்க கழுவியா போடறாங்க?”

ப்ளாஷ் கேமராவை எடுத்தாள். யாருக்காகவும் இல்லை. எரிச்சலில் எடுத்தாள். லாரி, கொட்டும் குப்பை, பெரியம்மா, அவள் கையில் இரும்புச் சீப்பு, பின்னால் மணிக்கூண்டு. லாரி காலியாகும்வரை தொடர்ந்து பதினான்கு படம். பெரியம்மாவின் கைகள் வெறுங்கைகள். விரல் இடுக்கில் புண், ஒரு நகம் கறுத்திருந்தது. லென்ஸ் வழியாக அந்தக் கையைப் பார்த்தபோது அக்காவின் கை ஞாபகம் வந்தது.

எட்டு மணிக்குத் தலைவர் வந்தார். கூடவே இருநூறு விருந்தினர்கள், எல்லோர் கையிலும் புத்தம்புது நீலக் கையுறை. தலைவர் ஒரு பாட்டிலை எடுத்தார், வைத்தார், வேறு கோணத்தில் மறுபடி எடுத்தார். நாலாவது தடவை எடுக்கும்போது அலை ஒன்று நிஜமான பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டது. ஊறி உப்பிய குழந்தை டயாப்பர், மஞ்சளாக, திறந்த வாயோடு. தலைவர் “ஐயே!” என்று இரண்டடி பின்னால் துள்ளி, பின்னால் நின்ற வங்கி மேலாளரின் காலை மிதித்தார்.

“அத எடுக்காத, அத எடுக்காத!” என்று தகவல் அதிகாரி கையாட்டினார். அவர் சொன்னது படம் எடுப்பதை. பெரியம்மா வந்து வெறுங்கையால் அந்த டயாப்பரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்தது. கார்கள் போனபிறகு மணலைப் பார்த்தால், கொட்டியதைவிட அதிகமாகக் கிடந்தது. இருநூறு ஜோடி கையுறைகளை அப்படியப்படியே கழற்றி வீசியிருந்தார்கள். பழச்சாறுப் பொட்டலங்கள், ரொட்டித் துண்டுகள், கடித்துத் துப்பிய ஆப்பிள் கொட்டைகள். சில கையுறைகள் உள்வெளியாகத் திரும்பி, காற்றில் விரல்கள் உப்பி நின்றன.

தொழிலாளர்கள் பொறுக்க ஆரம்பித்தார்கள். “நேத்து பெருக்கினோம், காலையில போட்டோம், இப்ப அள்றோம்” என்றாள் பெரியம்மா. “மாத்திரை மாதிரி மூணு வேளை.”

“கையுறைய எடுத்துப் போட்டுக்கலாம்லக்கா? புதுசாத்தான இருக்கு?” என்று ப்ளாஷ் கேட்டாள்.

“இது படம் புடிக்கற கையுறைம்மா. தொட்டா கிழியுது, பாருங்க.” ஒன்றை இழுத்துக் காட்டினாள். நெய்க்காகிதம் போலக் கிழிந்தது. “நாங்க கேட்டு மூணு மாசமாச்சு, தடிமனா ரப்பர்ல. மனு கொடுத்திருக்கோம். பூட்ஸும் கேட்டிருக்கோம்.”

பிறகு அவர்கள் தெற்கு முனைக்குப் போனார்கள், அன்றைய நிஜமான வேலைக்கு. அவளும் கூடப் போனாள். குழாய் வாயில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். மேலே நுரை, நுரைக்குள் செத்த எலி. கடற்பறவைகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. எட்டு பேரும் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினார்கள். அவள் மூக்கை மூடிக்கொண்டே நாலைந்து படம் எடுத்தாள். அதற்குமேல் நிற்க முடியவில்லை. கரையோரம் உட்கார்ந்து காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டாள். தண்ணீருக்குள் நின்றபடி பெரியம்மா திரும்பிப் பார்த்தாள்.

“மொதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான்” என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் படங்களை ஒப்படைக்கும்போது வேண்டுமென்றே லாரிப் படத்தையும் சேர்த்து வைத்தாள். அதிகாரி பார்த்து முகம் சிவப்பார், திட்டுவார், பதிலுக்கு மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம் என்று வீட்டிலிருந்தே வசனம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். படத்தைத் தூரமாகப் பிடித்தார்.

“பிரமாதம்!”

அவளுக்குப் புரியவில்லை.

“பாரு, ஆறு பத்துக்கே லாரி வந்து அள்ளிட்டுப் போகுது! மணிக்கூண்டு வேற தெரியுது. இதுதான் போஸ்டர். பஸ் ஸ்டாண்டுல முப்பதடிக்கு வைப்போம்.”

“சார், அது அள்றது இல்ல. கொட்டறது.”

“எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். படத்துக்குத் தெரியுமா?”

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. லாரிக்கும் மணலுக்கும் நடுவே அந்தரத்தில் நின்ற பாட்டில்கள் மேலே போகின்றனவா கீழே வருகின்றனவா என்று அதில் சொல்ல முடியாது. தயாரித்து வைத்திருந்த வசனமெல்லாம் வாயிலேயே உலர்ந்துபோனது.

“ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது” என்றார் அதிகாரி. “அந்தம்மா கை. புண்ணும் அழுக்குமா. முப்பதடி உயரத்துல இதையா மாட்டறது? ஜனங்க சாப்பிட்டுட்டு பஸ் ஏற வருவாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு கையுறை போட்டுவிடு. நீலக் கலர்ல. அரை மணி நேர வேலை.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லை அவள் அந்தக் கட்டடத்துக்குள் ஒருநாளும் உபயோகித்ததில்லை, அதனால் சமயத்துக்கு வரவில்லை. உட்கார்ந்து வரைந்தாள். அரை மணி இல்லை, ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏனென்றால் நன்றாகச் செய்தாள். விரல் மடியும் இடத்தில் ரப்பர் சுருக்கம், மணிக்கட்டில் மடிப்பு, வெயில் விழும் பக்கம் மெல்லிய பளபளப்பு. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து பார்த்தபோது, ‘தத்ரூபமா வந்திருக்கு’ என்று ஒரு திருப்திகூட வந்தது. பின்னால் அவளை மிகவும் கூசவைத்தது இந்தத் திருப்திதான்.

பத்து நாளில் பேருந்து நிலையத்தில் போஸ்டர் ஏறியது. ‘அதிகாலையிலேயே உழைக்கும் நம் நகரம்.’ அக்கா வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கொட்டறதும் அள்றதும் ஒண்ணுதானா! இது தெரிஞ்சிருந்தா நானும் இறாலுக்குத் திரும்பத் தோல போட்டுவிட்டு ரெண்டு மடங்கு வேலை காட்டியிருப்பேனே!”

கையுறையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. தன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தெரிந்து செய்தாளோ தெரியாமல் செய்தாளோ, ப்ளாஷ் அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் அலுவலக நடைபாதையில் பெரியம்மா அவளை மறித்தாள். வேலை உடையில் இருந்தாள். துடைத்த தரையில் அவள் காலடி ஈரமாகப் பதிந்திருந்தது.

“அந்தக் கையுறைய யாரு போட்டது?”

ப்ளாஷ் சுவரோரம் ஒதுங்கினாள்.

“எங்க மனுவுக்கு பதில் வந்திருக்கு. ‘கையுறை ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது, ஆதாரம் இணைப்பு’ன்னு. இணைப்பு என்னன்னு பாத்தா என் மூஞ்சி! என் கூட வேலை செய்யறவங்க என்ன கேக்கறாங்க தெரியுமா? ‘உனக்கு மட்டும் தனியா வாங்கிக் கொடுத்தாங்களா, எங்கள வித்துட்டியா’ன்னு கேக்கறாங்க. இருபத்தாறு வருஷம் ஒண்ணா சாக்கடையில நின்னவங்க.” குரலை உயர்த்தவில்லை. “உங்கள நல்லவங்கன்னு நெனச்சேன், அன்னிக்கு வாந்தி எடுத்தீங்களே.”

அவள் போனபிறகு ஒரு துப்புரவுப் பெண் வந்து தரையிலிருந்த ஈரக் காலடிகளைத் துடைத்தாள். ப்ளாஷ் கழிப்பறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள். குழாயை மூடிவிட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். “சீ” என்று அவளுக்கே கேட்கும்படி சொன்னாள்.

தொழிலாளர்கள் விடவில்லை. தொழிலாளர் நல அதிகாரிக்கு எழுதினார்கள். அவர் நகரசபைக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, வேறு துறையைச் சேர்ந்தவர். விசாரணைக்கு ஒரு வியாழக்கிழமை காலை குறித்தார்கள். ப்ளாஷை யாரும் கூப்பிடவில்லை. முதல் நாள் மாலை மூலப் படத்தையும் அதோடு தொடர்ந்து எடுத்த மற்ற பதின்மூன்றையும் தன் பழைய ஸ்டூடியோவில் அச்சுப்போட்டு ஒரு உறையில் வைத்துக்கொண்டாள்.

“வேலை போகும்டி” என்றாள் அக்கா.

“தெரியும்.”

“போனா எங்க கொட்டகைக்கு வா. தலை கிள்ளற வேலை காலியா இருக்கு. படம் புடிக்கறதவிட அது நேர்மையான வேலை, எறா தலைய எறா தலைன்னுதான் சொல்லுவோம்.”

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேஜை, மின்விசிறி, ஒரு பக்கம் நகரசபை ஆட்கள், எதிர்ப்பக்கம் எட்டு தொழிலாளர்கள். தகவல் அதிகாரி போஸ்டரின் சிறிய பிரதியை மேஜையில் விரித்து, “கண்கூடான ஆதாரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ப்ளாஷ் கதவைத் தட்டி உள்ளே போனாள்.

“நீ எதுக்கும்மா இங்க? படம் எதுவும் வேணாம்” என்றார் அவர்.

“படம் எடுக்க வரல சார். எடுத்தத சொல்ல வந்தேன்.” தொழிலாளர் நல அதிகாரியைப் பார்த்துத் திரும்பினாள். நரைத்த தலை, தூக்கம் பற்றாத முகம். “இந்தக் கையுறைய நான்தான் வரைஞ்சேன். இதுதான் நெசமான படம்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

“அது சும்மா கலர் சரிபண்றது. எல்லாப் படத்துக்கும் செய்யறதுதான்” என்றார் தகவல் அதிகாரி.

“கலர் சரிபண்ணினா கைக்கு உறை முளைக்குமா?” என்று தொழிலாளர் நல அதிகாரி கேட்டார். ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். ப்ளாஷ் மீதிப் படங்களையும் வரிசையாக அடுக்கினாள். முதல் படத்தில் லாரி நிறைய, மணலில் ஒரு கை அளவு. பதினான்காவது படத்தில் லாரி காலி, மணல் நிறையக் குப்பை. பதினான்கையும் சேர்த்துப் பார்த்தால் எது மேலே போகிறது, எது கீழே வருகிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

“உங்க மேல நடவடிக்கை எடுப்பாங்க, தெரியுமில்ல?” என்றார் அவர்.

“எடுக்கட்டும் சார். வரைஞ்சது நான்தான.”

கைதட்டல் எதுவும் இல்லை. எட்டு பேரும் அவளை நன்றியோடு பார்க்கவும் இல்லை. பெரியம்மா மட்டும், அவள் தன்னைக் கடந்து வெளியே போகும்போது, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“இத அன்னிக்கே, வரையச் சொன்னப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

அவள் நின்றாள், பிறகு போனாள்.

முப்பது நாளுக்குள் கையுறையும் பூட்ஸும் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. முதலில் வந்தது பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை. ஒரே வாரத்தில் விரல் நுனியெல்லாம் பிய்ந்தது. கிழிந்த பதினாறையும் பெரியம்மா ஒரு வாளியில் போட்டு, சாக்கடைக் குழாய்த் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுபோய்த் தகவல் அதிகாரியின் மேஜைமேல் கவிழ்த்தாள். அந்த அறையை இரண்டு நாள் பூட்டி வைக்கவேண்டி வந்தது என்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தவை தடிமனான கறுப்பு ரப்பரில், முழங்கை வரை. பூட்ஸ் அதற்கும் நாலு மாதம் கழித்து.

குப்பை கொட்டியதைப் பற்றி எந்த நடவடிக்கையும் இல்லை. “மக்களுக்குச் செய்து காட்டிய விளக்கப் பயிற்சி” என்று தலைவர் பேட்டி கொடுத்தார். போஸ்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள். அதே படம்தான், பெரியம்மாவை முழங்கையோடு வெட்டியிருந்தார்கள். கை இருந்தால்தானே கையுறை கேட்பீர்கள் என்கிற மாதிரி. ப்ளாஷ் அந்த வழியாகப் பேருந்து ஏறுவதை நிறுத்தி, ஒரு நிறுத்தம் தள்ளி நடந்துபோய் ஏறினாள்.

வேலை போகவில்லை. கேமராவை எழுதி வாங்கிக்கொண்டு அவளைப் பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்கு மாற்றினார்கள். ‘ப்ளாஷ்’ என்ற பெயரும் அவளோடு கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தது. படிவத்தை நீட்டுகிறவர்களிடம் சக ஊழியர்கள், “ப்ளாஷ்கிட்ட கொடுங்க” என்று சொல்ல, வந்தவர்கள் முழிப்பார்கள். மேலே ஒரு புதிய புகைப்படக்காரன் வந்துவிட்டான். நாடா முடிச்சு படத்தில் தெரிந்துவிடுகிறது என்று அவனைத் தலைவர் திட்டுவதாகக் கேள்விப்பட்டாள்.

சொந்தமாக ஒரு பழைய கேமரா வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக் கூடத்துக்கும் படகுத்துறைக்கும் போகிறாள். தெற்கு முனைக்கும் போகிறாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு. குழாய் வாய் அப்படியேதான் இருக்கிறது, நுரை மட்டும் நிறம் மாறியிருக்கிறது. எடுத்த படங்களில் பாதியை வீட்டுக்கு வந்ததும் அழித்துவிடுகிறாள். “அழகா இருக்கு, அதான்” என்றாள் அக்காவிடம் ஒருநாள். “அந்தக் கண்றாவிகூட என் படத்துல அழகா விழுது. பாக்கவே புடிக்கல.” அக்கா எட்டிப்பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் அழகாத் தெரியல. வச்சுக்கோ” என்றாள்.

ஒரு வருடம் போல ஆனபின் பெரியம்மா பதிவு ஜன்னலுக்கு வந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாளாம், மகள் மருத்துவமனையில் இருக்கிறாள், பதிவு பண்ணவேண்டும். வரிசையில் நின்று, முறை வந்ததும்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யார் என்று பார்த்தாள்.

“இங்க போட்டுட்டாங்களா?”

“ஆமாக்கா.”

“படம் புடிக்கறத விட்டாச்சா?”

“விடல. இவங்களுக்காகப் புடிக்கறது இல்ல, அவ்வளவுதான்.”

பெரியம்மா படிவத்தை உள்ளே தள்ளினாள். கறுத்த நகம் விழுந்து அந்த இடத்தில் புது நகம் பாதி வளர்ந்திருந்தது. விரல் இடுக்கில் புண் ஆறிய தடம். ப்ளாஷ் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “ரப்பர் நல்லாத்தான் இருக்கு, உள்ள வேர்த்துத்தான் கொட்டுது” என்றாள்.

ப்ளாஷ் படிவத்தை நிரப்பி, முத்திரை குத்தி, ஜன்னல் வழியாக நீட்டினாள். பெரியம்மா போகவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நாள், நேரம், எடை, தாயின் பெயர். பின்னால் நின்றவர், “சீக்கிரம்மா” என்றார். அவள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

“எல்லாம் இருக்கறபடி எழுதியிருக்கீங்கல்ல?” என்று கேட்டாள்.

“இருக்கறபடிதான்க்கா. வேணும்னா இன்னொரு தடவ படிங்க.”

பெரியம்மா மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.